கரையேற விட்ட ஊர்... கடலூருக்கு ஒருநாள் போய்வர 8 காரணங்கள்!

விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில் பாதையில் பண்ருட்டியைத் தாண்டியதும் கரும்புத் தோட்டங்கள் கண்ணில் படத் தொடங்கும். அரவை நடக்கும் மாதங்களில், நெல்லிக்குப்பம் நெருங்க நெருங்க ஜன்னல் வழியே பாகு காய்ச்சுவது போன்ற ஒரு வாசனை உள்ளே வரும். அரைத்தூக்கத்தில் இருப்பவர்கூட மூக்கை உறிஞ்சிவிட்டு, "நெல்லிக்குப்பம் வந்துடுச்சு" என்று பையைத் தேடுவார். அங்கிருந்து சற்று நேரத்தில் திருப்பாதிரிப்புலியூர். இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் வங்கக் கடல்.

நெல்லிக்குப்பம், நெய்வேலி, பண்ருட்டி மக்களுக்குக் கடலூர் என்றால் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரியாஸ்பத்திரி. வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்களுக்கோ, பாண்டிச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் ஓர் ஊர், அவ்வளவுதான். "சுத்திப் பார்க்க வந்திருக்கோம்" என்று சொன்னால் கடலூர்க்காரரே, "இங்க என்னங்க இருக்கு பார்க்கிறதுக்கு?" என்று ஆச்சர்யமாகக் கேட்பார்.

இருக்கிறது. ஆனால், பளிச்சென்று போர்டு வைத்துக் காட்ட மாட்டார்கள். கோட்டை இடிந்துவிட்டது, பழைய துறைமுகத்தின் பரபரப்பு அடங்கிவிட்டது, சரித்திரம் நடந்த இடத்தில் இன்று மீன் வலை காய்கிறது. கதை தெரிந்து போனால்தான் இந்த ஊர் கண்ணுக்குத் தெரியும். கதை தெரியாதவர்களே தொடர்ந்து கடந்துபோய்க்கொண்டிருந்தால், மிச்சமிருப்பதும் கேட்பாரற்றுப் போகும். அதற்குள் ஒருமுறை போய்வருவதற்கான 8 காரணங்கள் இங்கே!

1. இனிப்பில் தொடங்கும் பாதை

பயணத்தை நெல்லிக்குப்பத்திலிருந்தே தொடங்கலாம். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம் என இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. கடலூரிலிருந்து சுமார் 12 கி.மீ.

சென்னையில் 'பாரிமுனை' தெரியாதவர்கள் இருக்க முடியாது. அந்தப் பெயருக்குக் காரணமான பாரி நிறுவனம், 1842-ல் சர்க்கரை ஆலை தொடங்கியது இந்த நெல்லிக்குப்பத்தில்தான். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று சொல்லப்படும் பெருமை இதற்கு உண்டு. ரயில் பாதை வருவதற்கு முன்பே இங்கே ஆலை வந்துவிட்டது.

90-ஸ் கிட்ஸுக்கு இன்னொரு தகவல். சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் கையில் வைத்த 'காஃபி பைட்', 'லாக்டோ கிங்' மிட்டாய்கள் நினைவிருக்கிறதா? பாரீஸ் மிட்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்ததும் இதே நெல்லிக்குப்பத்தில்தான். 2004-ல் அந்த நிறுவனத்தைக் கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்றும் 'மிட்டாய் கம்பெனி'தான்.

அரவைப் பருவத்தில் கடலூர் - பண்ருட்டி சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். வண்டியில் வருபவர்கள் கொஞ்சம் பொறுமையாக வர வேண்டும்.

2. ஆற்றோடு போகும் யாத்திரை

இந்தப் பகுதியின் கோயில்களைத் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. பண்ருட்டி பக்கத்தில் இருக்கும் திருவதிகை, கடலூருக்கு மேற்கே இருக்கும் திருவந்திபுரம், நகருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்... மூன்றும் கெடில நதியை ஒட்டிய ஊர்கள். மேற்கிலிருந்து ஆறு வருகிற வழியிலேயே வந்தால், கடைசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் முடியும். ஆறே வழிகாட்டும் யாத்திரைப் பாதை இது!

முதலில் திருவதிகை. பண்ருட்டி ஊரை ஒட்டியே இருக்கிறது வீரட்டானேஸ்வரர் கோயில். சிவபெருமான் வீரச் செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. திரிபுரம் எரித்த கதை இந்தத் தலத்துக்கு உரியது.

அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசரின் வாழ்க்கை திரும்பியதும் இங்கேதான். பக்கத்தில் இருக்கும் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத் துறவியாகித் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த இடத்தில் இருந்தவர் அவர். தீராத வயிற்றுவலி வந்தபோது, திருவதிகையில் கோயில் தொண்டு செய்துகொண்டிருந்த அக்கா திலகவதியாரைத் தேடி இரவோடு இரவாக வந்தார் என்கிறது பெரியபுராணம். அக்கா கொடுத்த திருநீறு, அப்பர் பாடிய முதல் பதிகம், நீங்கிய வலி என்று அந்தக் கதை போகும். குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்த அக்கா - தம்பி கதையைக் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து சொல்லலாம்.

3. உப்பும் மிளகும் போடும் தீர்த்தம்

கடலூரிலிருந்து மேற்கே சுமார் 6 கி.மீ. தொலைவில் திருவந்திபுரம். திருவஹீந்திரபுரம் என்பது பழைய பெயர். 108 வைணவ திவ்ய தேசங்களில் ஒன்றான தேவநாத சுவாமி கோயில் இங்கே இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர்.

கோயிலுக்கு எதிரே சிறிய குன்று. ஔஷதகிரி என்று பெயர். படியேறினால் ஹயக்ரீவர் சந்நிதி. குதிரை முகம் கொண்ட ஹயக்ரீவரைக் கல்விக்கு உரிய தெய்வமாக வணங்குவது வழக்கம் என்பதால், பரீட்சை நேரத்தில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வந்துவிடுவார்கள். கோயிலில் சேஷ தீர்த்தம் என்ற கிணறு இருக்கிறது. பிரார்த்தனை செய்துகொண்டு உப்பு, மிளகு, வெல்லம் போடுவது இங்குள்ள வழக்கம்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனால் இன்னொரு காட்சி. இங்கே கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொள்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். மலைப் படிகளிலும் மண்டபத்திலும் தெருவிலுமாக எங்கே பார்த்தாலும் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும்! ஒரு வீட்டு மேளம் முடிவதற்குள் பக்கத்து வீட்டு மேளம் ஆரம்பித்துவிடும். எந்தக் கல்யாணத்துக்கு வந்தோம் என்று மொய்க் கவரோடு தேடிக்கொண்டிருக்கும் உறவினர்களையும் பார்க்கலாம். சாமியை நிதானமாகத் தரிசிக்க விரும்புபவர்கள் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

4. கல் மிதந்து வந்த கரை

அப்பர் கதைக்கு மறுபடி வருவோம். வலி நீங்கிச் சைவத்துக்குத் திரும்பிய அப்பர் மீது பல்லவ மன்னனின் கோபம் பாய்ந்தது. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், விஷம் கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள். எதற்கும் அசையாதவரைக் கடைசியாகக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். அவர் ஐந்தெழுத்தைச் சொல்லிப் பாட, கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடத்துக்கு ஊர் மக்கள் வைத்த பெயர்தான் அழகு: 'கரையேறவிட்ட குப்பம்'. கடலூர் வண்டிப்பாளையத்தை ஒட்டிய பகுதி இது. இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. வீடுகள், தெருக்கள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் சித்திரை மாதத்தில் அப்பர் கரையேறிய விழாவை இங்கே நடத்துகிறார்கள். கடல் விலகிப் போனாலும் கரையின் பெயர் விலகவில்லை.

கரையேறிய அப்பர் நேரே வந்து வணங்கியது பாடலீஸ்வரர் கோயிலை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பாதிரி மரம் தல மரம். அதிலிருந்துதான் ஊருக்குப் பாதிரிப்புலியூர் என்று பெயர். அம்பாள் பெயர் பெரியநாயகி. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். இவ்வளவு நீளமான பெயரைக் கண்டக்டர்கள் "திருப்பாப்புலியூர்" என்று சுருக்கி, அவசரத்தில் "திருப்பாலூர்" ஆக்கிவிட்டார்கள்.

சைவம் மட்டுமல்ல, சமணமும் தழைத்த ஊர் இது. சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு பற்றிய நூலை கி.பி. 458-ல் எழுதி முடித்த பாடலி என்ற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். 1,500 ஆண்டுகளுக்கு முன்பு வானத்தையும் பூமியையும் பற்றி இங்கே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்!

5. பீரங்கிக் குண்டு அளந்த எல்லை

கடலூரில் 'குண்டு சாலை' என்று ஒரு சாலை உண்டு. 'குண்டு உப்பலவாடி' என்று ஓர் ஊர் உண்டு. 'குண்டும் குழியுமான சாலைபோல' என்று உள்ளூர் இளைஞர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மைக் காரணம் வேறு.

தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டை 1690-ல் விலைக்கு வந்தது. விற்றவர்கள், அப்போது செஞ்சியை ஆண்ட மராட்டியர்கள். சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்த காலம் அது. வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி. கோட்டை மட்டும் போதுமா? சுற்றியிருக்கும் நிலம்? அதற்கு ஒரு விநோதமான ஒப்பந்தம் போட்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்!

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து, எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்களுக்குள் அடங்கிய ஊர்கள் எல்லாம் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கடலூரும் அந்த வட்டத்துக்குள் வந்தது. யாருடைய வயல், யாருடைய வீடு என்று ஒருவரையும் கேட்காமல், ஒரு பிற்பகல் வெடிச் சத்தத்தில் ஊர்கள் கைமாறியதை அந்தப் பெயர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கின்றன.

கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். அது வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயர். அப்போது சென்னையில் கம்பெனித் தலைவராக இருந்த எலிஹு யேல், வேல்ஸ் வம்சாவளிக்காரர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்போது சென்னையில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அதிலிருந்து 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் சென்னை அல்ல, கடலூர்! பின்னர் 1756-ல் கிளைவ் இங்கே துணை ஆளுநராகப் பொறுப்பேற்றார். இங்கிருந்து போனவர்தான் அடுத்த ஆண்டு பிளாசியில் வென்று இந்தியாவின் தலையெழுத்தை மாற்றினார்.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். பதிலுக்கு 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். பாண்டிச்சேரி மறுபடி எழுந்து இன்று சுற்றுலாப் பயணிகளை இழுக்கிறது. டேவிட் கோட்டை எழவே இல்லை. கெடிலம் கடலில் கலக்கும் பகுதியில் சில சிதைவுகள் மட்டுமே மிச்சம். பிரமாண்டமான மதிலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். "சென்னைக்கே தலைநகரா இருந்த இடம்" என்று தெரிந்து போனால், அந்தச் செங்கல் துண்டுகள் பேசும்.

6. அமெரிக்கச் சண்டை, கடலூரில் முடிந்தது!

அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று எங்கே நடந்தது என்று யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். கடலூர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கு ஆதரவாகப் பிரான்ஸ் போரில் இறங்கியதால், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் உலகம் முழுக்க மோதிக்கொண்டார்கள். மைசூரின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளிகள். கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1783 ஜூனில் ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டது. ஜூன் 13-ல் தரையில் கடும் சண்டை. ஜூன் 20-ல் கடலில், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின.

இதில் வேதனை என்னவென்றால், ஐரோப்பாவில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே சமாதானத்துக்கான முதல்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது! செய்தி கப்பலில்தான் வர வேண்டும். அது வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. முடிந்துபோன போருக்காக இந்த மண்ணில் அத்தனை பேர் செத்தார்கள். இரு தரப்பிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. செய்தி வந்ததும் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் செய்தி பறக்கும் காலத்தில், போனைப் பையில் போட்டுவிட்டுக் கடற்கரையில் நின்று யோசிக்க வேண்டிய கதை இது.

7. எழுத்தாளர்களின் ஊர், வீராங்கனையின் ஊர்

நவீனத் தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய பெயர்கள் கடலூரின் இரண்டு பகுதிகளில் பிறந்தன. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25-ல். ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில், 1934 ஏப்ரல் 24-ல். இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் கெடிலம் ஆறும் ஒரு பாலமும்தான். பிறந்தநாளுக்கு நடுவிலும் ஒரே ஓர் இரவுதான்! பாலத்தில் நடந்து கடக்கும்போது வாசகர்களுக்கு இது நினைவுக்கு வந்தால் போதும், தனியாக மியூசியம் வேண்டாம்.

கடலூர் முதுநகர், விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளின் ஊர். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய நீல் என்ற ஆங்கில அதிகாரியின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927-ல் நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். காந்தி அவரைத் 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்று அழைத்ததாக ஊரில் பெருமையோடு சொல்வார்கள். 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும் தேர்வானார்.

ஊருக்கு வெளியே கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. பத்தாண்டுகள் பாண்டிச்சேரியில் அடைக்கலமாக இருந்த பாரதியார், 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கும் மேல் கடலூர் சிறையில் இருந்தார். சிறை வளாகம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அந்தச் சாலையில் போகும்போது பிள்ளைகளுக்கு மதிலைக் காட்டியாவது சொல்லலாம்.

8. அலை எடுத்ததும் கொடுத்ததும்

மாலை நான்கு மணிக்கு மேல் தேவனாம்பட்டினம். 'சில்வர் பீச்' என்ற பெயருக்கேற்ப, வெயில் சாயும் நேரத்தில் மணல் மின்னும். அகலமான கடற்கரை. சுண்டல், பஜ்ஜி, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

மாசி மகத்தன்று வந்தால் வேறு ஊரைப் பார்ப்பீர்கள். சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் எல்லாம் தீர்த்தவாரிக்காக இந்தக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாள் அது. மேளம், உடுக்கை, பம்பை என்று கரை முழுக்கச் சத்தம். மறைந்த முன்னோருக்குத் திதி கொடுக்கும் கூட்டம் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். இதே மாசி மகத்தில் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் கிள்ளைக்கு, ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி எழுந்தருள்வார். வழியில் அங்குள்ள தர்கா சார்பில் இஸ்லாமியர்கள் சுவாமிக்கு மரியாதை செய்து வரவேற்பார்கள். பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம் இது.

பொங்கல் முடிந்த கையோடு, தை 5-ம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. கடலூர், நெல்லிக்குப்பம் பகுதி மக்கள் திரளும் இந்த விழாவில் சுருளிக்கிழங்கு விற்பனை களைகட்டும். அவித்துத் தோலுரித்துச் சாப்பிட வேண்டும். ருசி பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

இதே கரைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி அலைகள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் ஒன்று கடலூர். தேவனாம்பட்டினத்தின் பல வீடுகளில் அன்று காலை விளையாடப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரம் வளர்ந்து காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று பண்ருட்டி விவசாயியைக் கேட்டால்தான் அந்த இழப்பு புரியும்.

கடற்கரையில் சுனாமி நினைவுத் தூண் இருக்கிறது. டிசம்பர் 26 வந்தால் மீனவக் குடும்பங்கள் கூடிக் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செலுத்துவார்கள். அந்தச் சுனாமியின்போது பிறந்தவர்கள் இன்று கல்லூரியைத் தாண்டிவிட்டார்கள். பின்னணியில் அந்தத் தூண் என்னவென்று தெரியாமலேயே செல்ஃபி எடுத்துப் போகும் வயது வந்துவிட்டது. பிள்ளைகளோடு போகிறவர்கள், பஜ்ஜி வாங்கித் தருவதற்கு முன் இரண்டு நிமிடம் அங்கே நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மறுநாள் விடியற்காலையில் கடலூர் துறைமுகப் பக்கம் போக முடிந்தால் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் கடலில் இருந்த படகுகள் கரை திரும்பும் நேரம். கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் கூவும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வெளியூர்க்காரர்களால் முடியாது. கழுத்தளவு துக்கத்தைப் பார்த்த மக்கள், மறுபடி அதே கடலை நம்பி இறங்கிப் பிழைத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிற இடம் அது.

போகும் முன் கவனிக்க...

எப்படிப் போவது? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிச்சேரி தாண்டி வரலாம். பாண்டிச்சேரியிலிருந்து சுமார் 25 கி.மீ. தான். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருபவர்கள் பண்ருட்டியில் இறங்கித் திருவதிகை பார்த்துவிட்டு, நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ்ஸில் கடலூர் வந்துவிடலாம். ரயிலில் நேரே வருபவர்கள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குங்கள்; பஸ் ஸ்டாண்டும் பக்கத்திலேயே இருக்கிறது. 'கடலூர் துறைமுகம் ஜங்ஷன்' முதுநகர்ப் பக்கம். பெயரில் கடலூர் இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிட்டுத் திரும்பி வருபவர்கள் நிறைய.

எப்போது போகலாம்? டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கும். தை 5, மாசி மகம் என இரண்டு திருவிழாக்களும் இந்தக் காலத்தில்தான். பலாப்பழம் வேண்டுமென்றால் கோடையில் வந்து வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர் மழை இந்த மாவட்டத்தைக் கடுமையாகப் போட்டுப் பார்க்கும். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

எப்படித் திட்டமிடுவது? கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள். எனவே, காலையில் திருவதிகை, அடுத்து திருவந்திபுரம். மதியச் சாப்பாட்டுக்குக் கடலூர். வெயில் தாழ்ந்ததும் கரையேறவிட்ட குப்பம், பாடலீஸ்வரர் கோயில், கடைசியில் கடற்கரை. இன்னொரு நாள் கையில் இருந்தால் ஒரு பக்கம் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரம், மறுபக்கம் வடலூர். 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியோடு போகிற யாருக்கும் அங்கே சாப்பாடு உண்டு.

கடலில் குளிக்கலாமா? வேண்டாம். பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் சில்வர் பீச் அலைகள் இழுக்கும். உயிரிழப்புகள் நடந்த கடல் இது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளூர் மீனவர்கள் "தம்பி, உள்ள போகாத" என்று சத்தம் போட்டால், மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு இந்தக் கடலை வேறு யாருக்கும் தெரியாது.

பாண்டிச்சேரியின் பளபளப்பு கடலூரில் கிடைக்காது. தெருக்கள் நெரிசல்தான். சிப்காட் தொழிற்சாலைகளின் மாசு பற்றி மக்கள் பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

கல்லோடு கட்டித் தள்ளப்பட்ட துறவி, விலைபேச வந்த வியாபாரி, மாறுவேடத்தில் ஓடிவந்த குமாஸ்தா, அலைக்குத் தப்பிய மீனவர்... எல்லோரும் கரையேறிய ஊர் கடலூர். அடுத்த முறை ரயில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டி, அந்த இனிப்பு வாசனை ஜன்னலில் வரும்போது, சிதம்பரத்துக்கு எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பரவாயில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிவிடுங்கள்!